வெள்ளை லென்ஸ் வாங்கினால் படம் தெளியுமா?

கேள்வி: ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வேலைகளோடு பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளும் எடுப்பேன், ஓய்வு கிடைத்தால் பறவைகள். கையிலிருப்பது 150–600 மி.மீ. கறுப்பு லென்ஸ். மத்தியான வெயிலில் எடுக்கும் படங்கள் தெளிவில்லாமல் வருகின்றன. கறுப்பு சூடாகிவிடும், அதனால்தான் பெரிய ஆட்கள் வெள்ளை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். பழைய வெள்ளை 70–200 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்குவதா, என்னுடையதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: பெயின்ட் வேண்டவே வேண்டாம். 70–200 நல்ல லென்ஸ்தான், ஆனால் நிறத்துக்காக அதற்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் படம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

வெள்ளை வந்த கதை கண்ணாடியில் தொடங்குகிறது. நீளமான லென்ஸ்களில் நிறங்கள் ஒரே இடத்தில் குவியாமல், பொருளின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். அதை அடக்கக் கெனன் நிறுவனம் கல்சியம் புளோரைட்டுப் பளிங்கைச் செயற்கையாக வளர்த்து, 1969 இல் ஒரு 300 மி.மீ. லென்ஸில் போட்டது. ஒளியியலில் அருமையான பொருள், சூட்டில் மட்டும் சங்கடம் தரும். சாதாரண ஒளியியல் கண்ணாடியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் விரியும். திடீர் வெப்பமாற்றத்தில் வெடிக்கவும் கூடும். அதைச் சுமக்கும் உலோகக் குழலும் விரிகிறது. கறுப்புப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சிவிடும், வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 1970களின் நடுவிலிருந்து கெனனின் பெரிய தொலை லென்ஸ்கள் வெள்ளையாகியது இந்தக் கணக்கில்தான். 2018 இல் வந்த 400, 600 மி.மீ. லென்ஸ்களுக்கு அகச்சிவப்புக் கதிரையும் திருப்பி அனுப்பும் புதிய பூச்சு போட்டார்கள். வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

சூடு எவ்வளவு கெடுக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் மீற்றருக்கு 23 மைக்ரோமீற்றர் நீளும். 400 மி.மீ. நீளக் குழல் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 20 பாகை சூடேறினால் 0.18 மி.மீ. நீளம் கூடுகிறது. முழு அளவுச் சென்சரில் எஃப் 2.8 இல், அதாவது ஒளி நுழையும் துவாரம் நன்றாகத் திறந்திருக்கையில், ஃபோகஸ் விலக இருக்கும் இடம் இரு பக்கமும் 0.08 மி.மீ. மட்டுமே, ஆகவே அங்கே இந்த நீட்சி உறைக்கும். துவாரம் சிறுக்கும் எஃப் 8 இல் 0.24 மி.மீ. கிடைக்கும், விலகல் அதற்குள் மறைந்துவிடும். உண்மையான விலகல் ஒவ்வொரு லென்ஸின் அமைப்பையும் பொறுத்தது, இது அளவை உணர்த்தும் கணக்கு மட்டுமே. அதே கணக்கில் 60 மி.மீ. நீளமுள்ள சிறிய லென்ஸ் நீளுவது 0.03 மி.மீ. கூட இல்லை. சிறிய லென்ஸ்கள் கறுப்பாகவே இருப்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் 150–600 நீளமுனையில் எஃப் 6.3 என்றால் இடம் 0.19 மி.மீ. அதோடு ஓட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடிப் பிடிப்பதால் மெதுவாக ஏறும் சூட்டின் விலகலை அதுவே ஈடுகட்டிவிடும். சூடு உங்களைப் பிடிப்பது ஒரு சந்தர்ப்பத்தில்தான்: கையால் ஃபோகஸ் வைத்து, டேப் ஒட்டி, அப்படியே விட்டுவிடும்போது. ஓட்டப்போட்டியின் முடிவுக் கோட்டில் காலையிலேயே ஃபோகஸ் வைத்துவிடுபவர்களும், சிவனொளிபாத மலையின் விளக்கு வரிசையை எடுக்கப் பொழுதுபட வைத்த ஃபோகஸை நள்ளிரவுக் குளிரிலும் நம்புபவர்களும் இதில் மாட்டுவார்கள். மணிக்கொருதரம் கமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸைத் திரும்ப வையுங்கள். பெரிய லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சுழலுவது பழுது அல்ல, இந்த விலகலுக்காக விட்ட இடம்.

வெள்ளையில் வியாபாரமும் கலந்திருக்கிறது. மைதான ஓரத்தில் வெள்ளைக் குழல்கள் வரிசையாக நின்றால், எந்தக் கம்பனியின் சாமான் என்று தொலைக்காட்சி பார்ப்பவருக்கே தெரியும். நிக்கோன் 2013 இல் புளோரைட் போட்ட 800 மி.மீ. லென்ஸைக் கறுப்பாகவே விற்றது. கெனனே 2024 இல் ஒரு 70–200 லென்ஸை வெள்ளை, கறுப்பு இரண்டிலும் கொண்டுவந்தது. நிறம் அவ்வளவு கட்டாயமென்றால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் மத்தியானப் படங்கள். மலையகத்தில் பத்து மணிக்கு மேல் மைதான மண்ணும் தார் றோட்டும் லயத்துக் கூரைத் தகரமும் கொதிக்கும், மேலே ஓடும் காற்றோ குளிர்ந்தது. இரண்டும் கலக்கும் இடத்தில் காற்றே நெளியும். கானல் என்று நாம் சொல்லும் அந்த நெளிவை 600 மி.மீ. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். தூரம் கூடக் கூட நெளிவும் கூடும். எந்த நிற லென்ஸாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. உச்சி வெயிலில் முக்காலியில் பூட்டி, அதிர்வு நிறுத்தியை அணைத்து, ஷட்டர் 1/2000 வைத்து, 15 மீற்றரில் உள்ள எழுத்துப் பலகையைப் பத்துப் படமும், 300 மீற்றருக்கு அப்பால் உள்ள ஒரு பலகையைப் பத்துப் படமும் எடுங்கள். கிட்டத்தில் உள்ளது கூர்மையாகவும், தூரத்தில் உள்ளது பத்திலும் பத்து விதமாகக் கோணியும் இருந்தால் கானல்தான். பத்தும் ஒரே அளவில் மங்கலாக இருந்து, கையால் ஃபோகஸ் திருப்பியதும் தெளிந்தால் ஃபோகஸ் பிழை; கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் என்றால் அதிலுள்ள ஓட்டோ ஃபோகஸ் நுண் திருத்தத்தைச் செய்யுங்கள். கிட்டத்தில் உள்ளதும் எப்படித் திருப்பியும் தெளியவில்லையா, லென்ஸைப் பழுது பார்ப்பவரிடம் காட்டவேண்டியதுதான்.

கானலுக்கு மருந்து: கிட்டப் போங்கள், உயரத்தில் நில்லுங்கள். மைதானத்தின் மண் அணைமேல் ஏறி நின்றாலே வித்தியாசம் தெரியும். முக்கிய ஓட்டங்களை ஒன்பதரைக்கு முன் வைக்கச் சொல்லி விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் கேட்டும் பார்க்கலாம், கேட்பாரோ தெரியாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சூடான வாகனத்திலிருந்து இறங்கிக் குளிர் வெளியில் உடனே படம் எடுத்தால், முன்னாலுள்ள லென்ஸ் மறைப்புக் குழலுக்குள் சூடான காற்று தேங்கி அங்கேயே கானல் எழும். மறைப்பைக் கழற்றி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

லென்ஸ் சூடாவதைத் தடுக்க ஒரு வெள்ளைத் துவாய் போதும். காத்திருக்கும்போது மேலே போட்டு, எடுக்கும்போது மடித்துவிடுங்கள். வெள்ளை வினைல் ஒட்டத்தான் வேண்டுமென்றால் அசையாத குழலில் மட்டும் ஒட்டுங்கள். சூம் பண்ணும்போது வெளியே நீளும் பகுதி, வளையங்கள், சுவிட்ச் எதிலும் படக்கூடாது. மறைப்பின் உட்புறத்தில் வெள்ளை பட்டால் சிதறொளி ஏறிப் படம் வெளிறிவிடும். வெள்ளை லென்ஸுக்கும் உள்ளே மங்கல் கறுப்புத்தான். பெயின்டில் உள்ள தின்னர் இறப்பரை அரிக்கும், இடுக்குகளில் இறங்கி வளையத்தை இறுக்கும்.

அந்தப் பழைய 70–200ஐ வாங்குவதென்றால், குழலின் வெளிப்பூச்சு உரிந்திருப்பதையும் மஞ்சளித்திருப்பதையும் விலை குறைக்கக் காரணமாகச் சொல்லலாம், பயப்பட வேண்டியதில்லை. துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்திருந்தால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். முடிவுக் கோட்டுக்கு 200 மி.மீ. போதும். நுவரெலியா விக்டோரியா பூங்காவின் பறவைகளுக்குப் போதாது, 150–600ஐ விற்காதீர்கள்.

பூஞ்சணம்தான் எங்கள் பக்கத்து லென்ஸ்களின் உண்மையான எதிரி. ஹோட்டன் சமவெளிக் குளிரிலிருந்து சூடான அறைக்கு வருமுன் லென்ஸைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, உள்ளே வந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்துபோகும். முடி உலர்த்தியால் காயவைக்காதீர்கள், புளோரைட் உள்ள லென்ஸில் அது பெரும் ஆபத்து. வைப்பதற்கு, இறப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதன் 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கித் திரும்பப் போடலாம். சிலர் சொல்வதுபோல் அரிசி போடாதீர்கள், அதன் மா லென்ஸ் வளையங்களுக்குள் போகும்.