அடிக்கடி காயம் படற பிளேயரை டிரேட் பண்ணது சரியா? சார்லட்டுக்கு புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதுதானே. சார்லட் வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, பேங்க்ல வேலை, டீம்ல எல்லாரும் நல்லாதான் பழகறாங்க, ஆனா திங்கட்கிழமை லஞ்ச்ல உக்காந்தா அமெரிக்கன் ஃபுட்பால் தவிர வேற பேச்சே இல்ல, போன வாரம் உன் லீட் உன்னையே பாத்து "மெக்காஃப்ரிய நாம டிரேட் பண்ணது சரியா தப்பா, நீ சொல்லு"ன்னு கேட்டுட்டார், நீ சிரிச்சு சமாளிச்சுட்ட, மறுபடி கேட்டா என்ன சொல்றது, இதெல்லாம் கத்துக்கிட்டே ஆகணுமா அக்கான்னு கேட்டிருக்க.

கத்துக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஃபுட்பால் தெரியலன்னு இங்க யாரும் உன்ன ஒதுக்க மாட்டாங்க. ஆனா அவர் உன்கிட்ட கேட்டது நல்ல கேள்விப்பா, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வியும் கூட, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி. இன்னொன்னும் சொல்லிடறேன், இந்த ஊர்ல நம்ம டீம் பேந்தர்ஸ் பத்தி பேச நீ தலைமுறை தலைமுறையா இங்க இருந்திருக்கணும்னு அவசியமே இல்ல. டீமே 1995லதான் ஆட ஆரம்பிச்சுது. ஊர்ல பாதிப்பேர் நியூயார்க், ஒஹாயோ, பிட்ஸ்பர்க் பக்கம் இருந்து பேங்க் வேலைக்கு வந்தவங்க, பிட்ஸ்பர்க் டீம் ஸ்டீலர்ஸ் வந்து ஆடினா அவங்க ரசிகர்களால நம்ம ஸ்டேடியமே மஞ்சளா தெரியும். அதனால நீ வெளியூர்க்காரன்னு தயங்காத.

இப்ப விஷயத்துக்கு வரேன். மெக்காஃப்ரி ஒரு ரன்னிங் பேக். ரன்னிங் பேக்னா யாருன்னா, குவார்ட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவர், பந்த கைல கொடுத்ததும் அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எதிர்ல நிக்கற கூட்டத்துக்குள்ள பூந்து ஓடறவர். எதிர்ல முன்வரிசைல நிக்கறவங்க பலர் நூத்தி முப்பது, நூத்தி நாப்பது கிலோ இருப்பாங்க. பந்த வாங்கின ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் மேல வந்து விழுவாங்க, முட்டில விழுவாங்க, கணுக்கால்ல விழுவாங்க, சில சமயம் மூணு பேர் சேந்து விழுவாங்க. பந்து தொடறத டச்னு சொல்வாங்க, ஒரு சீசன்ல 300 டச் தாண்டினாலே உடம்பு என்ன ஆகுமோன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2017 டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்கள டீம்கள் வரிசையா எடுக்கறதுல, பேந்தர்ஸ் எட்டாவதா எடுத்த பையன், ஸ்டான்ஃபோர்டுல படிச்சவர், அவங்க அப்பா எட் மெக்காஃப்ரியும் என்.எஃப்.எல் பிளேயர்தான், மூணு சூப்பர் பௌல், அதாவது லீக்கோட ஃபைனல், ஜெயிச்சவர். முதல் மூணு சீசன் பையன் ஒரு மேட்ச் கூட விடல. 48க்கு 48. 2019ல ஓட்டத்துல 1387 யார்டு, பந்து பிடிச்சு 1005 யார்டு, ஒரே சீசன்ல ரெண்டுலயும் ஆயிரம் தாண்டினது அவருக்கு முன்னாடி ரோஜர் கிரெய்க், மார்ஷல் ஃபாக்னு ரெண்டே பேர்தான். அந்த வருஷம் டீம் ஜெயிச்சது 5 மேட்ச், தோத்தது 11. அத கவனி தம்பி. தோக்கற டீம்ல அந்த ஒருத்தர்கிட்ட மட்டும் 403 தடவை பந்த கொடுத்திருக்காங்க, குருவி தலைல பனங்காய வச்ச கதைதான். வேற யாராலயும் முடியலன்னு அவர்கிட்டயே கொடுத்து கொடுத்து ஓட விட்டாங்க.

2020 ஏப்ரல்ல வருஷத்துக்கு 16 மில்லியன் டாலர் கணக்குல ஒப்பந்தத்துக்கு நாலு வருஷ எக்ஸ்டென்ஷன் கொடுத்தாங்க. அந்த சீசன்லயே ரெண்டாவது மேட்ச்ல கணுக்கால் போச்சு. திரும்பி வந்து ஒரே மேட்ச், தோள்பட்டை போச்சு, அப்புறம் தொடை. மொத்தம் 3 மேட்ச். 2021ல ஹூஸ்டன்ல ஒரு வியாழக்கிழமை ராத்திரி மேட்ச்ல தொடை பின்னாடி சதை, ஹாம்ஸ்ட்ரிங்னு சொல்வாங்களே, அது பிடிச்சுக்கிச்சு, நவம்பர்ல மயாமில மறுபடி கணுக்கால். 7 மேட்ச். ரெண்டு வருஷத்துல 33 மேட்ச்ல 10 ஆடியிருக்கார். சைட்லைன்ல நீல கலர்ல ஒரு சின்ன டென்ட் இருக்கும், நீ டிவில பாத்திருப்ப, அடிபட்டவங்கள உள்ள கூட்டிட்டு போய் ஜிப்ப இழுத்து மூடிட்டு டாக்டர் பாப்பாங்க. 22ம் நம்பர், அதாவது மெக்காஃப்ரி, அந்த டென்ட் பக்கம் நடக்க ஆரம்பிச்சா எங்க வீட்ல யாரும் பேச மாட்டாங்க. ஹெல்மெட்ட கைல வச்சுக்கிட்டு வெளிய வராரா தலைல போட்டுக்கிட்டு வராரான்னு மட்டும்தான் பாப்போம். தலைல இருந்தா திரும்ப ஆடுவார். என் பையன் அதுக்குள்ள சாப்பாட்ட தள்ளி வச்சுடுவான்.

அப்பதான் எல்லார் வாய்லயும் "இஞ்சுரி ப்ரோன்", அடிக்கடி காயம் படறவர்னு, வந்துச்சு. எனக்கு அந்தப் பேரு பிடிக்கவே பிடிக்காது. மூணு வருஷம் ஒரு மேட்ச் விடாதவர், 403 தடவை அடிவாங்கின மறு வருஷம் படுத்தா அது அவர் உடம்போட குறையா, அவர ஓட்டினவங்க குறையா? உன் லீட் கேட்டா நீ முதல்ல இதச் சொல்லு.

2022ல என்ன ஆச்சுன்னா, சீசன் ஆரம்பமே 1-4, அதாவது ஒண்ணு ஜெயிச்சு நாலு தோத்து, அக்டோபர் 10 அன்னிக்கு கோச் மேட் ரூல வேலைய விட்டு தூக்கிட்டாங்க, சார்லட்லயே வளந்த ஸ்டீவ் வில்க்ஸ தற்காலிக கோச்சா போட்டாங்க, பத்து நாள் கழிச்சு, அக்டோபர் 20 வியாழக்கிழமை ராத்திரி, மெக்காஃப்ரிய சான் ஃப்ரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு கொடுத்துட்டாங்கன்னு நியூஸ். பதிலுக்கு வந்தது 2023ல ரெண்டாவது, மூணாவது, நாலாவது ரவுண்ட் பிக், 2024ல அஞ்சாவது ரவுண்ட் பிக். இங்க ஐ.பி.எல் மாதிரி ஏலம் கிடையாது தம்பி, காலேஜ்ல இருந்து வர பசங்கள டீம்கள் வரிசை போட்டு எடுக்கும், மோசமா தோத்த டீமுக்கு முதல் இடம், அந்த வரிசைல நிக்கற உரிமைதான் பிக். அதத்தான் பண்டமாத்து பண்ணிக்கறாங்க. ஒவ்வொரு டீமும் சம்பளத்துக்கு எவ்ளோ செலவு பண்ணலாம்னு லீக்கே உச்சவரம்பு வச்சிருக்கு, 2022ல அது 208.2 மில்லியன், அதுல ஒரு ரன்னிங் பேக்குக்கு 16 மில்லியன்னா பெரிய துண்டு. டிராஃப்ட்ல வர பையனுக்கு நாலு வருஷம் சம்பளம் ரொம்ப கம்மி, அதனாலதான் பிக்குக்கு அவ்ளோ மதிப்பு.

என் பதில் என்னன்னு கேட்டா, டிரேட் பண்ணது சரி. ஆனா காயத்துக்காக இல்ல, ஊர்ல பேசறவங்க இத ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. ஒரு ரன்னிங் பேக் உச்சத்துல இருக்கறது நாலஞ்சு வருஷம்தான். அந்த வருஷங்கள ஜெயிக்கப்போற டீம் செலவு பண்ணலாம். கோச் இல்லாம, நம்பி ஆட ஒரு குவார்ட்டர்பேக் இல்லாம, 1-5ல நிக்கற டீம் அத வச்சுக்கிட்டு என்ன பண்ணும்? நாம மறுபடி எழுந்து நிக்கறதுக்குள்ள அவருக்கு முப்பது வயசாயிடும். அப்புறம் அவர் காயமே படாம இருந்தாலும் நமக்கு பிரயோஜனம் இல்ல.

இன்னொன்னு, வித்த நேரம். 2021 சீசன் முடிஞ்ச கையோட வித்திருந்தா இந்த விலை வந்திருக்காது, அப்ப அவர் கடைசியா ஆடினதே கால் இழுத்துக்கிட்டு வெளிய போனதுதான். 2022ல முதல் ஆறு மேட்சும் ஆடிக்காட்டினார், உடம்பு நல்லாதான் இருக்குன்னு எல்லாரும் பாத்தாங்க, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் போட்டிக்கு வந்தாங்க, அதனால விலை ஏறிச்சு. முதல் ரவுண்ட் பிக் கிடைக்கலியேன்னு இன்னிக்கும் புலம்பறவங்க உண்டு. ரெண்டு வருஷத்துல 23 மேட்ச் விட்ட ரன்னிங் பேக்குக்கு யாரும் முதல் ரவுண்ட் தரமாட்டாங்க, அத எதிர்பாக்கறதே நியாயம் இல்ல.

அவர் போன மூணாவது நாள், ஞாயித்துக்கிழமை, பெரிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இருந்த டாம்பா பே இங்க வந்து 21-3னு தோத்துட்டு போனாங்க! டோன்டா ஃபோர்மன்னு ஒருத்தர், அதுவரைக்கும் பெஞ்ச்ல இருந்தவர், 118 யார்டு ஓடினார். அந்த கிறிஸ்துமஸ் ஈவ் அன்னிக்கு உறையற குளிர்ல டெட்ராய்ட்டுக்கு எதிரா டீம் மொத்தமா 320 யார்டு ஓடிச்சு, பேந்தர்ஸ் வரலாத்துலயே அதுதான் அதிகம். மெக்காஃப்ரி இருந்தப்ப 1-5, அவர் போனதுக்கப்புறம் 6-5. இத வச்சு அவர் வேண்டாதவர்னு யாராவது சொன்னா ஒத்துக்காத, அது அபாண்டம். முன்னாடி நிக்கற ஆஃபென்சிவ் லைன் வழி திறந்துவிட்டா ஓடறதுக்கு ஆள் கிடைப்பாங்கன்னுதான் அதுக்கு அர்த்தம், அதனாலதான் இந்த பொசிஷனுக்கு விலை கம்மி.

அந்தப் பக்கம் அவருக்கு என்ன ஆச்சுன்னா, வியாழக்கிழமை டிரேட் ஆனவர் ஞாயித்துக்கிழமை புது ஊர்ல 23ம் நம்பர் போட்டுக்கிட்டு களத்துல நிக்கறார். அடுத்த வாரம் ராம்ஸுக்கு எதிரா ஒரே மேட்ச்ல ஓடி ஒரு டச்டவுன், அதாவது பந்த எல்லைக் கோட்டுக்குள்ள கொண்டு போறது, பிடிச்சு ஒண்ணு, தானே பந்த எறிஞ்சு ஒண்ணு. 2023ல 1459 யார்டு, 21 டச்டவுன், ஆஃபென்சிவ் பிளேயர் ஆஃப் தி இயர் விருது, சூப்பர் பௌல் வரைக்கும் போய் கான்சாஸ் சிட்டிகிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 25-22னு தோத்தாங்க. 2024ல குதிகால் தசைநாண், அப்புறம் முட்டி, நாலு மேட்சோட சரி. 2025ல திரும்பி வந்து முழு சீசனும் ஆடினார். பாத்தியா, அங்கயும் ஓவரா ஓட விட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான் படுத்தார். ஆனா அவங்களுக்கு அவர் இருந்தது பிரயோஜனப்பட்டுச்சு, ஏன்னா மத்த எல்லாம் தயாரா இருந்த டீம். அவங்க வாங்கினதும் சரி, நாம வித்ததும் சரி. ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் ஏமாந்தார்னு அர்த்தம் இல்ல.

எனக்கு உண்மைலயே வயித்தெரிச்சல் எங்கன்னா, கிடைச்ச பிக்க என்ன பண்ணாங்கங்கறதுல. 2023 மார்ச்ல சிகாகோகிட்ட இருந்து முதல் இடத்த வாங்கறதுக்காக, மெக்காஃப்ரிக்கு கிடைச்ச அந்த ரெண்டாவது ரவுண்ட் பிக், நம்ம ஒன்பதாவது இடம், 2024 முதல் ரவுண்ட், 2025 ரெண்டாவது ரவுண்ட், அதுக்கும் மேல டி.ஜே. மூர்னு நம்ம நல்ல ரிசீவரயும், பந்து பிடிக்கறவரயும், தூக்கி கொடுத்தாங்க. எடுத்தது பிரைஸ் யங்ங, குவார்ட்டர்பேக். பாவம் அந்தப் பையன், அவர் எறியற பந்த பிடிக்க நல்ல ஆள் யாரயும் விட்டு வைக்கல, முன்னாடி நிக்கற லைனும் தாங்கல, அந்த சீசன் 2-15. நாம கொடுத்த 2024 பிக் லீக்கோட முதல் பிக்கா போய் விழுந்துச்சு, சிகாகோ அதுல கேலப் வில்லியம்ஸ எடுத்தாங்க. டிரேட் பண்றதே மெதுவா டீம கட்டறதுக்குத்தான், நாலஞ்சு பசங்கள எடுத்து வளக்கறதுக்கு. அந்தக் காச மொத்தமா ஒரே ஆள் மேல போட்டா டிரேட் பண்ண காரணமே அடிபட்டுப் போகுது. உன் லீட் டிரேட் தப்புன்னு கத்தினா, பாதி அவர் திட்டறது இதத்தான், மெக்காஃப்ரி போனத இல்ல. நல்லா கேட்டுப் பாரு.

எதிர்வாதமும் தெரிஞ்சு வச்சுக்கோ, யாராவது சேக்வான் பார்க்லின்னு இன்னொரு ரன்னிங் பேக் பேர இழுப்பாங்க. நியூயார்க் டீம் ஜயன்ட்ஸ்ல முட்டி லிகமென்ட் கிழிஞ்சவர், அடிக்கடி காயம்னு அவங்க 2024ல போக விட்டாங்க, பக்கத்துல இருக்கற ஃபிலடெல்ஃபியா எடுத்துச்சு, அதே வருஷம் 2005 யார்டு ஓடி சூப்பர் பௌலும் ஜெயிச்சார். ஜயன்ட்ஸுக்கு பதிலுக்கு ஒரு பிளேயரும் வரல, ஒப்பந்தம் முடிஞ்சு அவரா நடந்து போயிட்டார். அத பாத்தா எனக்கு இன்னும் உறுதியாகுது. விடறதுன்னு முடிவு பண்ணா ஒப்பந்தம் இருக்கும்போதே டிரேட் பண்ணிடணும், கை விட்டுப் போனதுக்கப்புறம் பேச ஒண்ணும் இருக்காது.

லஞ்ச்ல இவ்ளோவும் பேசாத, எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. "டிரேட் சரி, அதுல கிடைச்சத செலவு பண்ணதுதான் தப்பு"ன்னு ஒரு வரி சொல்லிட்டு சாப்பிட ஆரம்பி, மிச்சத்த அவங்களே பேசிக்குவாங்க. யாராவது ஆபீஸ் ஃபேன்டசி லீக்ல, நிஜ பிளேயர்ஸ வச்சு கற்பனை டீம் போடற விளையாட்டுல, சேரச் சொன்னா முதல்ல எவ்ளோ காசுன்னு கேட்டுக்கோ, காசு இல்லாத லீக்னா தாராளமா சேரு, வாரா வாரம் யாருக்கு கணுக்கால், யாருக்கு ஹாம்ஸ்ட்ரிங்னு பாக்க ஆரம்பிச்சா ஒரே சீசன்ல எல்லாம் பிடிபட்டுடும். மேட்ச் நேர்ல பாக்கணும்னா சீசன் டிசம்பர்ல நல்லா போகலன்னா டிக்கெட் விலை நிறைய இறங்கும், அப்ப வாங்கு. பார்க்கிங்குக்கு காசு கொட்டாம உங்க பக்கத்துல இருந்து ப்ளூ லைன் ட்ரெயின் ஏறி அப்டவுன்ல இறங்கி நடந்துடு. ஆட்டம் தொடங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே சீட்ல இரு, மேட்சுக்கு முன்னாடி பெரிய முரசு ஒண்ணு அடிப்பாங்க, கேன்சரோட போராடிக்கிட்டே இங்க கோச்சா இருந்த சாம் மில்ஸ் சொன்ன "கீப் பவுண்டிங்"கறதுக்காக. அத விட்டுடாத. குளிருக்கு உள்ள ஒரு லேயர் கூடவே போட்டுக்கோ, பை கொண்டு போறதா இருந்தா கண்ணாடி மாதிரி தெரியற பைதான் உள்ள விடுவாங்க. வேற ஏதாவது கேக்கணும்னா கேளு தம்பி.