பாட்டியாலா ஹாரமும் கோலாப்பூர் செருப்பும்

அன்புள்ள ஐயா,

சென்ற 2025 மே மாதம் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் ஆடை அலங்கார விழாவான மெட் காலாவில் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் மகாராஜா கோலத்தில் வந்ததைப் பார்த்துப் பூரித்துப் போனேன். பாட்டியாலா மகாராஜாவின் ஹாரத்தை அவர் இரவல் கேட்டும் பிரெஞ்சு நகைக்கடை கார்ட்டியே தரவில்லை என்று படித்ததும் கொதித்துப் போனேன். 2022இல் எம்மா சேம்பர்லெய்ன் என்ற அமெரிக்க யூடியூப் பெண்ணுக்கு அதே மகாராஜாவின் அட்டிகையைத் தூக்கிக் கொடுத்தவர்கள்தானே? நம் பொருளை நம்மவர் போட்டுக்கொள்ள அவர்கள் அனுமதி வேண்டுமா? அடுத்த மாதமே மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் பிராடா நம் கோலாப்பூர் செருப்பைத் தன் சரக்கு போலக் காட்டியது. இரண்டும் ஒரே திருட்டு என்கிறேன் நான். ஃபேஷன் டிசைன் படிக்கும் என் மகள், "ரெண்டும் ஒண்ணு இல்லப்பா" என்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இதையே கல்லூரிக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே. எஸ்., கோவை

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் மகள் கட்சிதான் நான்.

அந்த ஹாரத்தை "நம் பொருள்" என்கிறீர்கள். 1925இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தன் கற்களை பாரிஸுக்குக் கொண்டுபோய் கார்ட்டியேயிடம் ஒப்படைத்தார். 1928இல் வேலை முடிந்தது. ஐந்து வரிசை பிளாட்டினச் சங்கிலி, 2,930 வைரம், நடுவில் 234 காரட்டுக்கு டி பீர்ஸ் வைரம். நடு வைரம் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் எடுத்தது, மாணிக்கம் பர்மாவுடையது, கைவேலை பிரெஞ்சுக்காரனுடையது. இதில் பஞ்சாப் மண்ணுக்குரியது என்று சொல்ல வேண்டுமானால் குடியானவன் கட்டிய வரியைச் சொல்லலாம். ஹாரம் அரண்மனைக் கருவூலத்திலிருந்து மாயமானது 1948 வாக்கில், வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு. 1998இல் லண்டன் கடையொன்றில் பெரிய கற்களெல்லாம் கழற்றப்பட்ட வெறும் கூடாகக் கிடைத்தது. கார்ட்டியே வாங்கி, போன கற்களின் இடத்தில் செயற்கைக் கற்களைப் பதித்தது. தில்ஜித்துக்குக் கிடைக்காமல் போனதே பாதி நகல்தான்!

அருங்காட்சியகத்தில் பூட்டியிருக்கிறது என்று பதில் வந்ததாக அவருடைய ஸ்டைலிஸ்ட் சொன்னார். எம்மா போட்டிருந்தது கழுத்தை ஒட்டிய அட்டிகை. மார்பை மறைக்கும் அந்த முழு ஹாரமல்ல. உங்களுக்கு எரிச்சல் வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நகைக்கடை தன் நகையை யாருக்கு இரவல் தருகிறது என்பதற்காக உங்களுக்கும் எனக்கும் ரத்தம் கொதிக்க வேண்டுமா? ராஜா வீட்டுச் சொத்துத் தகராறு அது.

இந்தச் சண்டையில் தில்ஜித்தின் உடையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பிரபல் குருங் வடிவமைத்த அந்தத் தந்தநிற மேலங்கியின் முதுகில் பஞ்சாபின் வரைபடமும் குர்முகி எழுத்துகளும் பூவேலையாக இருந்தன. அந்த விழாவை ஒட்டி மெட்டில் நடந்த அந்த ஆண்டின் கண்காட்சி கறுப்பின மக்களின் உடைநேர்த்தியைப் பற்றியது. எஜமானர்கள் தங்கள் பவிசுக்காகப் பட்டும் சரிகையுமாக உடுத்திவிட்ட அடிமைகள் முதல், அதே பகட்டைத் தங்கள் சுயமரியாதைக்கு ஆயுதமாக்கிக்கொண்டவர்கள் வரை நீளும் வரலாறு. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தலைப்பாகையைப் பார்த்தே சீக்கியர்களை அடித்தார்கள், கொன்றார்கள். அதே நாட்டில் ஒருவர் தலைப்பாகையோடும் தாய்மொழியின் எழுத்துகளோடும் அந்தப் படியேறுகிறார். கண்காட்சியின் கருவைப் புரிந்துகொண்டு உடுத்திய உடை அது. கழுத்தில் ஜெய்ப்பூர்க் கடையின் நகை கிடந்ததால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. (அன்று அவர்கள் நடந்த விரிப்பு சிவப்பே இல்லை. நீலத்தில் பூ வரைந்தது. கேரளத்தின் சேர்த்தலையில் சைசல் நாரில் நெய்து கப்பலில் போனது. அதை நெய்தவர்களுக்காக நம் ஊர் சமூக ஊடகம் கொதித்ததை நான் பார்க்கவில்லை.)

செருப்பு விஷயம் வேறு. அதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதில்தான் சாப்பிடுகிறார்கள். மாட்டுத் தோலையும் எருமைத் தோலையும் கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தி, ஆணி அடிக்காமல் தோல் வாராலேயே தைப்பார்கள். இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மடலுக்குக் காது என்றே பெயர். 2025 ஜூனில் பிராடா இதைத் தோல் செருப்பு என்று மட்டும் சொல்லி மேடையேற்றியது. மகாராஷ்டிர வர்த்தக சபை கடிதம் எழுதிய பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டது.

"பெயரைக்கூடச் சொல்லவில்லையே" என்பதுதான் அப்போது எல்லோருடைய கோபமும். வேடிக்கையே அங்கேதான். கோலாப்பூர் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் சேர்த்து எட்டு மாவட்டங்களுக்கு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரைத்தான், வடிவத்தை அல்ல. பிராடா மரியாதையாகக் 'கோலாப்புரி' என்று எழுதி இத்தாலியில் செய்த செருப்பை இங்கே விற்றிருந்தால் வழக்குப் போடலாம். பெயரை விழுங்கிவிட்டு அச்சு அசலாக அதே செருப்பைக் காட்டினால் இந்தச் சட்டம் கை கட்டி நிற்கும். சில வழக்கறிஞர்கள் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். குறியீட்டின் சொந்தக்காரர்கள் வரட்டும், உங்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்டு நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

சொந்தக்காரர்கள் இரண்டு மாநில அரசுகளின் தோல் தொழில் கழகங்கள். தைக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். "எங்கள் பாரம்பரியம்" என்று ட்விட்டரில் பொங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டுத் திண்ணையில் இந்தத் தைக்கிறவர்களின் தாத்தாக்கள் உட்கார முடிந்திருக்கும்? 2015இல் மகாராஷ்டிரம் காளையையும் எருதையும் வெட்டத் தடை போட்டபோது, தோலுக்கு எங்கே போவது என்று செருப்பு தைக்கிறவர்கள் புலம்பினார்கள். அன்றைக்கு யாருக்கும் பாரம்பரியம் நினைவுக்கு வரவில்லை. பிராடா மேல் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அதைவிட அதிகக் கோபம் இங்கே.

2025 டிசம்பரில் பிராடா அந்த இரண்டு கழகங்களோடும் ஒப்பந்தம் போட்டது. இங்கேயே 2,000 ஜோடி செய்வது, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது என்று திட்டம். சமூக ஊடகக் கூச்சலால் இந்த அளவாவது நடந்தது என்பதை மறுக்கவில்லை. ஹாரத்துக்காகப் போட்ட கூச்சலால் யாருக்கு ஒரு வேளைச் சோறு கூடியது?

மகளிடம் சொல்லுங்கள், கட்டுரையில் ஹாரத்தை விட்டுவிடட்டும், நிறைய பேர் எழுதியாயிற்று. கோடை விடுமுறையில் ஒருமுறை கோலாப்பூர் போய்வரட்டும். நீங்களும் கூடப் போங்கள். அந்த 800 யூரோவில் தைக்கிறவர் கைக்கு ஜோடிக்கு எவ்வளவு வருகிறது, காசு யார் யார் கை மாறி வருகிறது என்று நாலு வீட்டில் கேட்டு எழுதினால், கட்டுரையை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்