லைனின் வேகத்தை யார் முடிவு செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சாம்சங் தொழிலாளர்களின் போராட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். முழுமையாக உடன்பட முடியவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து ட்ரெயினியாகச் சேர்ந்து பெர்மனென்ட் ஆனவன். சம்பளம் மோசமில்லை. பஸ், கேன்டீன், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. கடந்த ஆண்டு எங்கள் லைனில் ஒரு பீஸுக்கு 58 வினாடி என்றிருந்த நேரத்தை 52 ஆகக் குறைத்தார்கள். இன்று தோள்வலி இல்லாதவர் அந்த லைனில் யாருமில்லை. கேட்டால், கமிட்டியில் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். இப்போது சிலர் சங்கம் தொடங்குகிறார்கள். உறுப்பினர் படிவம் என் பையிலேயே கிடக்கிறது.

என் அப்பா கோவையில் மில் தொழிலாளியாக இருந்தவர். "கொடி பிடித்தோம், கடைசியில் மில்லுக்கே பூட்டு விழுந்தது" என்பார். நோக்கியா செல்பேசி ஆலையும் போய்விட்டது. ஹரியானாவின் மானேசரில், மாருதி ஆலை மோதலில், ஓர் அதிகாரியின் உயிரே போனது. சங்கங்களை நடத்துபவர்களோ வெளியாட்கள், கட்சிக்காரர்கள். நாம் வாழ்வது முதலாளித்துவத்தில். முதல் போட்டவர் விலை சொல்கிறார், கட்டுப்படியானால் வேலை செய்கிறோம், இல்லாவிட்டால் வேறு கம்பெனி பார்க்கிறோம். இதில் சங்கத்துக்கு என்ன இடம்? வாதத்துக்காகக் கேட்கவில்லை, முடிவெடுக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

ஆர்.,
ஒரகடம்

அன்புள்ள ஆர்.,

படிவத்தில் கையெழுத்திடுங்கள் என்பதே என் பதில். உங்கள் தயக்கங்கள் எதுவும் அற்பமானவை என்று நான் நினைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற அந்த ஆறு வினாடியிலிருந்து தொடங்குகிறேன். இடைவேளைகள் போக லைன் ஏழு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 58 வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு ஷிஃப்டில் 434 பீஸ். 52 வினாடிக்கு ஒன்று என்றால் 484. அதாவது, அதே சம்பளத்துக்கு நாள்தோறும் ஐம்பது முறை கூடுதலாகக் கை நீட்டி எடுத்து, பொருத்தி, முடுக்கி, அடுத்ததற்குத் திரும்புகிறீர்கள். உங்கள் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் இருக்கும், படிகள் இருக்கும், விடுப்பு விதிகள் இருக்கும். 58 என்றோ 52 என்றோ எந்த வரியிலும் இருக்காது.

முதல் போட்டவர் விலை சொல்கிறார், நாம் ஒப்புக்கொள்கிறோம் என்கிறீர்கள். எதற்கு ஒப்புக்கொண்டீர்கள்? எந்த வியாபாரத்திலும் விலையோடு அளவும் பேசப்படும். இரும்புத் தகடு விற்பவர் டன்னுக்கு இவ்வளவு என்று பேசிய பிறகு, அதே பணத்துக்கு வாங்குபவர் கூடுதலாக அள்ளிக்கொண்டு போக விடுவாரா? உழைப்பை விற்பவரிடம் மட்டும் விலையை ஒரு நாளில் பேசி முடித்துவிட்டு, அளவை வாங்குபவரே தினந்தோறும் தீர்மானிக்கிறார். லைன் வேகம், ஆள் குறைப்பு, கட்டாய ஓவர்டைம், கழிவறைக்குப் போகும்போது மாற்றாள் உண்டா என்பது, இவையெல்லாம் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு வெளியே நாளும் நடக்கும் பேரம். அந்தப் பேரத்தில் ஒரு தரப்பு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது. சங்கம் வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணமே தேவையில்லை. முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும் அது நீடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

சந்தைப் பொருளாதாரத்தின் மூதாதை என்று கொண்டாடப்படும் ஆடம் ஸ்மித்தே 1776இல் இதை எழுதிவிட்டார். கூலியை உயர்த்தக்கூடாது என்பதில் முதலாளிகள் எப்போதும் எங்கும் சத்தமில்லாமல் ஒன்றுபட்டே இருக்கிறார்கள் என்றார். வேலை நின்றால் முதலாளி கையிருப்பை வைத்து ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பார், தொழிலாளர்களில் பலர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். உங்கள் நிறுவனம் என்பதே ஆயிரக்கணக்கான பங்குதாரர்களின் முதல் ஒன்றுசேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாக நிற்பதுதான். அந்த ஆள் சி.ஐ.ஐ., ஃபிக்கி போன்ற முதலாளிகள் அமைப்புகளிலும் உறுப்பினர். எதிரே மனிதவளத்துறை அறையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறு கம்பெனிக்குப் போகலாம்தான். ஒன்பது ஆண்டுப் பணிமூப்பை இங்கே விட்டுவிட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று, மறுபடியும் ட்ரெயினியாகச் சேர வேண்டும். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

கமிட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த பணிக்குழு அமைக்கத் தொழில் தகராறு சட்டமே வழி செய்திருந்தது. ஆனால் அதன் வேலை அன்றாட உரசல்களைத் தீர்ப்பது. பணி நிலைமைகளில் பெரிய மாற்றங்களைப் பேசி ஒப்புக்கொள்ள அந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இலேயே கூறிவிட்டது. சங்கத்தின் இடத்தைக் கமிட்டி பிடிக்க முடியாது. உங்கள் ஆறு வினாடி 'பரிசீலனை'யிலேயே கிடப்பதற்குக் காரணமும் அதுதான்.

சுங்குவார்சத்திரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையின் சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அக்டோபர் 7 அன்று நிர்வாகம் போராட்டக்காரர்களை விட்டுவிட்டு ஒரு பணியாளர் குழுவோடு உடன்பாடு செய்துகொண்டது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, எல்லா வழித்தடங்களிலும் குளிர்சாதனப் பேருந்து. அமைச்சர்கள் அதை அறிவித்தார்கள். போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் கலையவில்லை. 37 நாட்கள் நின்ற பிறகே வேலைக்குத் திரும்பினார்கள். பெயரில் 'சாம்சங்' இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்த சங்கம், உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று பதிவானது. அடுத்த மாதமே நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டு மீண்டும் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. மே மாதம் அமைச்சர் முன்னிலையில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளில் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு கிடைத்தது. ஆறு மாத ஊக்கத்தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே நிறுவனம் தென்கொரியாவில் பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்ற கொள்கையோடு நடந்தது. சங்கத்தைச் சீர்குலைத்ததற்காக அதன் உயர் அதிகாரிகள் 2019இல் தண்டிக்கப்பட்டார்கள். 2020 மே மாதம் அதன் அன்றைய துணைத் தலைவர் லீ ஜே யோங் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இல்லை என்று அறிவித்தார். சொந்த நாட்டில் கைவிட்டதை இங்கே எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி உங்கள் அப்பா. அவருடைய கசப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கோவையின் பழைய மில்கள் பலவற்றைப் பழைய இயந்திரங்களும், மின்வெட்டும், வேறு தொழில்களுக்கும் நிலவணிகத்துக்கும் திருப்பிவிடப்பட்ட பணமும் சாய்த்தன. நூற்பு நின்றுவிடவில்லை, சங்கம் இல்லாத இடங்களுக்கு நகர்ந்தது. திண்டுக்கல் பக்கமும் பிற மாவட்டங்களிலும் எழுந்த புதிய மில்களில் உங்கள் அப்பாவின் இடத்துக்கு வந்தவர்கள் யார்? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி அழைத்துவரப்பட்ட கிராமத்துப் பெண்பிள்ளைகள். மில் வளாகத்துக்குள்ளேயே விடுதி. வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வராமலே போன பெண்கள் எத்தனையோ பேர். சங்கம் இருந்ததால் மில் போனது என்று அப்பா சொன்னால், சங்கம் இல்லாத மில்லில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்றும் அவரோடு பேசுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே திண்டுக்கல் வட்டாரத்தில் 2021 ஜனவரியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் டி.டி.சி.யு. என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு வாங்குநர்களோடும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. தையல் லைன்களிலேயே தொழிலாளர் கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆலை அடுத்த நாட்டுக்கு ஓடிவிடவில்லை.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதற்குக் காரணம் வரித் தகராறு. அதனாலேயே மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் இந்த ஆலை சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததில் சங்கத்துக்குப் பங்கில்லை.

மானேசர் வேறு விஷயம். 2012 ஜூலை 18 அன்று மாருதி ஆலையில் மனிதவளத்துறை அதிகாரி ஒருவர் தீயில் கருகி இறந்தார். அதை எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே என்ன கோரினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாங்களே அமைத்துக்கொள்ளும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விடுங்கள் என்றார்கள். அதற்காகவே பல மாதங்கள் மோதல். கொலைக்குப் பின் குற்றம்சாட்டப்பட்ட 148 பேரில் 117 பேர் 2017இல் விடுதலையானார்கள், அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்த பிறகு. பேசுவதற்கு முறையான வாசல் இல்லாத ஆலையில்தான் ஆத்திரம் இப்படித் திசைமாறுகிறது. 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் முதல் நாளே நான்கு பேர் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து வந்து தகவல் சொல்லியிருப்பார்கள்.

வெளியாட்கள் பற்றி. 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவரான பி.பி. வாடியா மில்லில் வேலை செய்தவர் இல்லை. உடன் நின்ற திரு.வி.க. பத்திரிகையாசிரியர். அதற்கும் முன் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்ற வ.உ.சி. வழக்கறிஞர். மெமோ கொடுத்து நீக்க முடியாத ஒருவர் பேச வேண்டியிருந்தது, அதனால் வெளியாள் வந்தார். பின்னி நிர்வாகம் வாடியா மீதே வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. 2001 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கையோ ஐந்து பேரையோ, எது குறைவோ அதைத் தாண்ட முடியாது. கட்சிக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடப்பது நம் ஊரின் பெரிய நோய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து உங்களைப் போன்றவர்கள் உள்ளே போய் ரகசிய வாக்கெடுப்பும் வரவு செலவுக் கணக்கும் கேட்பது.

எனக்குள்ள கவலை வேறு. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்கள் ஒருபுறமும் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் மறுபுறமுமாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, சங்கம் தோற்றது. தாங்கள் சேர்த்துக்கொள்ளாதவர்களை வைத்தே நிர்வாகம் தங்களை வீழ்த்தும் என்று அன்று யோசிக்கவில்லை. இன்று உங்கள் லைனில் அந்த இடத்தில் இருப்பவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், அப்ரெண்டிஸ்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். அதே 52 வினாடி, பாதிச் சம்பளம். பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டுமான சங்கம் அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் நல்ல தொகை வாங்கும். அதற்கடுத்த ஒப்பந்தத்துக்குள் பெர்மனென்ட் ஆட்களே பாதியாகியிருப்பார்கள்.

எனவே படிவத்தைக் கொடுக்கும்போது அமைப்பாளர்களிடம் கேளுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களைச் சேர்ப்பார்களா? கோரிக்கை மனுவில் லைன் வேகமும் ஆள் எண்ணிக்கையும் இடம்பெறுமா, சம்பளம் மட்டும்தானா? புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால் 51 சதவீத உறுப்பினர் உள்ளதே பேச்சுவார்த்தைச் சங்கம். அதற்கான ஆள்பலத்தை எப்படித் திரட்டப்போகிறார்கள்? 58 வினாடியிலிருந்து 52க்கு மாற்றிய தேதி, அன்று லைனில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை, அதன் பிறகு தோள்வலிக்காக மருத்துவரைப் பார்த்தவர்களின் சீட்டுகள், எல்லாவற்றையும் இப்போதே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் கேட்கப்படுவது அதுதான். படிவத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் நீட்டும் வெற்றுத்தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.