சி.எஸ்.ஆர். நிதி கேட்கும் முன் சிறிய அறக்கட்டளைகள் கவனிக்க வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்தில் நான்கு ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் கேட்கிறார்: "பதினைந்து பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி பெற என்ன செய்ய வேண்டும்?"

முதலில் ஆவணங்களைச் சரிபாருங்கள். அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆகிய பதிவுகளோடு, 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான, மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் பெறும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதே வகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் தேவை. அது உங்களிடம் இருப்பதால், தணிக்கை அறிக்கைகளைக் கொண்டு அதை நிறுவ முடியும்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய ஒவ்வொரு நிறுவனமும், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். சராசரி லாபம் 5 கோடி என்றால் அது 10 லட்சம் ரூபாய். எனவே இராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றுகூட இந்த வரம்புக்குள் வரலாம். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்லும் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. மும்பைத் தலைமையகத்துக்கு எழுதுவதைவிட, ஆலை மேலாளரை ஒரு மாலை ஆறு மணிக்கு உங்கள் மையத்துக்கு அழைத்து வருவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இணையதளம் உள்ள நிறுவனங்கள் தம் சி.எஸ்.ஆர். கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும். அவற்றைப் படித்த பிறகே எழுதுங்கள். நிறுவனத்தின் அடுத்த ஆண்டுச் செயல்திட்டத்தில் இடம்பெற வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

உங்கள் கேள்வியோடு நீங்கள் இணைத்த செலவுத் திட்டத்தில் நாற்காலி, கரும்பலகை, நோட்டு, பிள்ளைகளுக்கான சுண்டல் வரை கணக்கு இருக்கிறது. நாள்தோறும் பாடம் சொல்லும் இரண்டு பெண்களின் ஊதியம் மட்டும் இல்லை. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அச்சத்தில் பலரும் இப்படி விட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணிகளை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கானது. ஆசிரியர் ஊதியம் நேரடித் திட்டச் செலவு. தயங்காமல் அதை முதல் வரியில் எழுதுங்கள், ஏனெனில் அந்த இருவர் இல்லாமல் உங்கள் மையம் இல்லை.

நிறுவனத்துடன் செய்யும் ஒப்பந்தத்தில் நிதித் தவணைத் தேதிகளைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். முதல் தவணை தாமதமானாலும் ஊதியம் நிற்காதபடி, இப்போது மாதாமாதம் நன்கொடை தரும் உள்ளூர்க்காரர்களுக்கு வழக்கம்போல் ரசீதும் வரவுசெலவுக் கணக்கும் அனுப்பிவாருங்கள்.