குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மது விலையை அரசு இன்னும் ஏற்ற வேண்டும், மக்கள் உடல்நலத்துக்கு அது நல்லது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். 2024 பிப்ரவரியில் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினார்கள். எங்கள் குழுவில் யார் வீட்டுக்காரரும் அதனால் குடியை விடவில்லை. அந்தப் பத்து ரூபாய் வீட்டுச் செலவிலிருந்து போனது, அவ்வளவுதான். பால் வாங்கியவள் வரக்காப்பிக்கு மாறினாள். விலையை ஏற்றச் சொல்கிறவர்கள் குடிகாரனோடு குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள் என்று தோன்றுகிறது. ஒரேயடியாகக் கடையை மூடச் சொல்லி எழுதக் கூடாதா?

இன்னொன்று. குழுவில் ஒருத்தி கணவரைக் குடிக்கவிடாமல் வீட்டில் வைத்துப் பூட்டினாள். இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். குடியை நிறுத்தினால் வலிப்பு வருமா?

பெயர் போட வேண்டாம்.

வாசகி, பாலக்கோடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2023-24இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 294 ரூபாய். அப்போது சாதாரண ரக குவார்ட்டர் 130. பிப்ரவரியில் அது 140 ஆனது, ஏப்ரலில் கூலி 319 ஆனது. வகுத்துப் பாருங்கள். ஏற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரு நாள் கூலியில் 44 சதவீதம்தான் குவார்ட்டரின் விலை. அறிவித்த கூலி முழுசாகக் கைக்கு வருவதில்லை என்பீர்கள், அது வேறு வழக்கு. குடிக்கிறவரின் கூலியோடு ஒப்பிட்டால் சரக்கின் விலை ஏறவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வருகிறவருக்கு இன்னும் மலிவு. ஆகவே உங்கள் குழுவில் யாரும் குடியை விடாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது உடல்நலத்துக்காகச் செய்த ஏற்றம் இல்லை, கஜானாவுக்காகச் செய்தது.

சரி, நிஜமாகவே விலை உறைக்கும்படி ஏறினால் என்ன ஆகும்? பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் நேரத்தில் எந்த டாஸ்மாக் வாசலிலும் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். கையில் எழுபது ரூபாயோடு ஒருவர் வருவார். முன்பின் தெரியாத இன்னொருவரிடம் போய் "கட்டிங் சேர்றியாண்ணா?" என்பார். இரண்டு பேர் காசும் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வரும், இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், மிளகாய்த்தூள் தூவிய நாலு மாங்காய்க் கீற்று. அளவு குறையவே கூடாது என்று இருவருக்கும் பார்வை டம்ளர் மேலேயே இருக்கும். ஊற்றி முடித்ததும் யார் எவர் என்று கேட்காமல் பிரிந்துவிடுவார்கள். காசு முழுசாக இருந்தால் அந்த மனிதர் தனியாக 180 மில்லி குடித்திருப்பார். காசு இல்லாததால் 90 மில்லியோடு போகிறார். விலை வேலை செய்வது இப்படித்தான். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் "இன்னைக்கும் குடிச்சிட்டு வந்தான்" என்பது மட்டும்தான் தெரியும்.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2009இல் ஒரு மதிப்பீடு வந்தது. மது விலை பத்து சதவீதம் ஏறினால் மொத்தக் குடி நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. ஆனால் அளவு கடந்து குடிப்பவர்களிடம் குறைவது மூன்று சதவீதம்கூட இல்லை. உங்கள் குழுப் பெண்கள் பார்ப்பது இந்த இரண்டாவது கூட்டத்தை. நான் விலை பற்றி எழுதியபோது மனதில் இருந்தவர்கள் வேறு: ஓசூர் சிப்காட்டில் முதல் சம்பளம் வாங்கும் பையன், வாரத்துக்கு ஒரு நாள் குடித்துக்கொண்டிருந்து இப்போது மூன்று நாளாக ஆக்கிக்கொண்டிருப்பவர். இவர்களைத் தடுக்கலாம். இருபது வருடமாகக் குடிப்பவரை விலையால் மட்டும் தடுக்க முடியாது என்பதில் உங்கள் கட்சிதான் நானும்.

ஸ்காட்லாந்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். மதுவுக்கு அடிமட்ட விலை வைத்து 2012இல் சட்டம் போட்டார்கள். ஸ்காட்ச் விஸ்கிக்காரர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை இழுத்ததில், 2018 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. பாட்டிலைப் பார்த்து விலை வைக்காமல், உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்து வைத்தார்கள். பத்து மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ், அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. முழுக்க மதுவால் வரும் சாவுகள், இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13.4 சதவீதம் குறைந்தன என்று 2023இல் அவர்களுடைய பொதுச் சுகாதாரத் துறை கணித்தது. அதிகம் குறைந்தது ஆண்களிடமும் ஏழைப் பகுதிகளிலும். 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸாக உயர்த்திவிட்டார்கள். ஆனால் அதே ஆய்வில் உங்கள் கடிதமும் இருக்கிறது: குடிக்கு அடிமையானவர்களில் சிலர் குடியைக் குறைக்காமல் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தார்கள். பாலக்கோட்டு வரக்காப்பிதான்.

நம் ஊரில் அந்த முறையைக் கொண்டுவந்தால் முதலில் இடிபடுவது குவார்ட்டர். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி முழு பாட்டிலில் 52. விலையில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. போதை மட்டும் வேண்டும் என்று வருகிறவர் எதை எடுப்பார்?

கடையை மூடச் சொல்லி எழுதச் சொன்னீர்கள். மூடிப் பார்த்த மண்தான் இது. 1937 அக்டோபரில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிதான் அவர் பிறந்த ஊர். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார்கள். மதுவிலக்கு போய்விட்டது, வரி மட்டும் நிலைத்துவிட்டது. டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2024-25இல் வந்தது 48,344 கோடி ரூபாய். அதை விட்டுக்கொடுக்க எந்தக் கட்சி வரும் என்று எனக்குத் தெரியவில்லை, மேடையில் எல்லாரும் வருவார்கள்.

அப்படியே மூடினாலும் நம் மாவட்டங்களுக்கு எல்லை ஒரு பிரச்சினை. கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. அடுத்த மே மாதமே மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அங்கேயும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலிவானதைப் பறித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் கள்ளச்சாராயப் பாக்கெட் விற்கிறவன் வந்துவிடுகிறான். இது என் வாதத்துக்கும் எதிரானதுதான், மறைக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. பாக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஆகவே விலை ஏறும்போது கள்ளச்சாராயத்தின் மேல் காவல் இறுக வேண்டும். ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையான ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை என்றால் பைக்கில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இரண்டு மாநிலமும் பேசி அடிமட்ட விலையை ஒன்றாக்கினால்தான் இந்த யோசனை ஓசூரில் நிற்கும். தண்ணீருக்கே பேசி முடிக்காதவர்கள் இதற்குப் பேசுவார்களா என்று கேட்காதீர்கள்.

என் கட்சி இதுதான்: ஏற்ற வேண்டும், ஆல்கஹால் அளவைப் பார்த்து ஏற்ற வேண்டும், கூலி ஏறும்போதெல்லாம் அதை முந்தி ஏற்ற வேண்டும், அப்படி ஏறிய காசு மட்டும் தனிக் கணக்கில் விழ வேண்டும். நாலு சதவீதம் விற்பனை குறைந்தாலும் பத்து சதவீதம் விலை ஏறியிருப்பதால் அரசுக்கு நஷ்டம் இல்லை, வரவு கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதல் காசில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு நாலு படுக்கை, ஒரு மனநல மருத்துவர், மருந்து. உங்கள் குழுவினர் கிராம சபையில் எழுந்து கடையை மூடு என்று மட்டும் கேட்காமல், எங்கள் வீட்டிலிருந்து எடுத்த பத்து ரூபாய் எங்கே என்றும் கேட்கலாம். ஒரு குவார்ட்டருக்குப் பத்து என்றால் தினம் குடிக்கும் வீட்டுக்கு மாதம் 300. குழுச் சந்தாவோடு ஒப்பிட்டுச் சொன்னால் மேடையில் இருப்பவருக்கும் புரியும்.

வலிப்பு விஷயம். வரும். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு, குடி திடீரென்று நின்றதும் தாறுமாறாகத் துடிக்கும். சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்ப்பது, நாள் கிழமை தெரியாமல் உளறுவது எல்லாம் வந்தால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வைத்த பெண்ணைத் திட்டாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இனி யாரும் வீட்டில் பூட்டி நிறுத்த வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், மருந்து கொடுத்து சில நாளில் பக்குவமாக இறக்குவார்கள். அவர் வர மறுத்தால் முதலில் மனைவியே 14416க்குப் பேசலாம், டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். இன்னொரு தடவை வலிப்பு வந்தால் யோசிக்காமல் 108.