மருந்து சுமக்கும் நானோ துகள் ரத்தத்தில் இறங்கியதும் என்ன ஆகிறது?

சோதனைத் தட்டில் புற்றுநோய்ச் செல்லைச் சரியாகப் பிடிக்கும் துகள் உடலுக்குள் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லைச் சந்திக்கும் முன்பே அது ரத்தப் புரதங்களைச் சந்தித்துவிடுகிறது என்பதுதான் முக்கியக் காரணம்.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு லிட்டருக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. துகள் உள்ளே போன சில நொடிகளிலேயே அதன்மேல் புரதப் போர்வை ஒன்று படிந்துவிடும். இதைப் ‘புரத கொரோனா’ என்பார்கள். பொதுவாக, ஏராளமாக இருக்கும் ஆல்புமின் முதலில் ஒட்டும். அப்புறம் பிடிப்பு வலுவான, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென், கொழுப்பைச் சுமக்க உதவும் அபோலிப்போபுரதங்கள் போன்றவை அதைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். இலக்கைத் தேட நாம் பொருத்திய மூலக்கூறு இந்தப் போர்வைக்குள் புதைந்துபோகலாம். செல்லுக்குத் தெரிவது நாம் செய்த துகள் அல்ல, அதன் போர்வைதான்.

எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலினும், நோய் எதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் ஒட்டினால் சிக்கல் இன்னும் பெரிது. கல்லீரல், மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் துகளை அந்நியப் பொருளாக எண்ணி விழுங்கிவிடும். இதைக் குறைக்கத்தான் துகள்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரைப் பூசுகிறார்கள். ஒட்டுதல் குறையுமே தவிர நின்றுவிடாது. சிலருக்கு அந்தப் பூச்சுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகிறது.

ஆனாலும் புரத கொரோனாவை எதிரியாக மட்டும் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அரிய பரம்பரை நோய் ஒன்றுக்கான பட்டிசிரான் மருந்தைப் பாருங்கள். அதன் கொழுப்புத் துகளிலிருந்து பூச்சு ரத்தத்தில் மெல்ல உதிர்கிறது. அந்த இடத்தில் அபோலிப்போபுரதம் E ஒட்டுகிறது. கல்லீரல் செல்கள் அதை அடையாளம் கண்டு துகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மருந்து போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவேதான்.