3,000 வரி, 5 ஜி.பி.

கேள்வி: அண்ணாச்சி, பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ்தான். விலை டேபிளில் மொத்தமே 3,000 வரி. விடியுமுன்னே விலை மாற ஆரம்பிச்சிரும். இப்போ அந்த டேபிள் மட்டும் 5 ஜி.பி. தானா துடைக்கிற ஆட்டோவேக்கம் இரண்டு நிமிஷத்துக்கு முன்னாலதான் ஓடியிருக்கு, ஆனா செத்த வரி (மாறிப்போன பழைய வரி) குறையல. டேபிளையே புதுசா எழுதிச் சுருக்குற வேக்கம் ஃபுல் போட்டுரவா?
– சுரண்டை வாசகர்

பதில்: இப்போதைக்குப் போடாதீங்க தம்பி.

கமிஷன் கடைச் சிட்டையில் தக்காளி விலை மாறினா யாரும் ரப்பர் வச்சு அழிக்கிறதில்லை. பழைய வரியை அடிச்சுட்டு கீழே புதுசா எழுதுவாங்க. போஸ்ட்கிரஸில் அப்டேட்டும் அதேதான். அடிச்ச வரி கிடந்த இடத்தை வேக்கம் மறுபடி எழுதத் தோதாக்கும். ஃபைல் சைஸ் பெரும்பாலும் அப்படியேதான் நிக்கும்.

ஒரு டேபிளில் 50 வரியும், அதுக்கு மேல் 20 சதவீதமும் செத்தா ஆட்டோவேக்கம் வரும். உங்களுக்கு அது 650 வரி. நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கவும் செய்யுது. ஆக அது தூங்கல. துடைக்க விடாம ஏதோ தடுக்குது. எனக்குச் சந்தேகம் உங்க பில் ஸ்கிரீன் மேலதான். திறந்ததுமே பில் டேபிளில் ஒரு வரி எழுதிட்டு, கமிட் ஆகாம (முடிச்சு உறுதிப்படுத்தாம) காத்துக்கிட்டு இருக்கா? கடைக்காரர் டீ குடிக்கப் போனா, தொடங்கி முடியாத அந்த வேலை, அதாவது டிரான்சாக்‌ஷன் திறந்தே கிடக்கும். அது தொடங்கின பிறகு செத்த ஒரு வரியைக்கூட, அதே டேட்டாபேஸில் எந்த டேபிளா இருந்தாலும், வேக்கம் தொடாது. இப்போ யார் என்ன செய்றாங்கன்னு காட்டுற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’னு எது மணிக்கணக்கா நிக்குதுன்னு பாருங்க. கமிட்டை ஒரே மூச்சில் முடிக்கிற மாதிரி கோடை மாத்துங்க. போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பிலிருந்து, இப்படிச் சும்மா நிக்கிறதைத் துண்டிக்க டைம்அவுட் செட்டிங்கும் இருக்கு. 5 நிமிஷம் வைங்க.

இதைத் திருத்தாம ஃபுல் போட்ட வேதனை எனக்குத் தெரியும். ஒரு ஜவுளிக்கடையில் பட்டப்பகலில் போட்டேன். திறந்து கிடந்த ஒரு டிரான்சாக்‌ஷனுக்குப் பின்னால என் ஃபுல் பூட்டுக்காகக் காத்து நின்னது. அதுக்குப் பின்னால எல்லா கவுண்டரும் நின்னது. துணியைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஆட்கள் வரிசையா நின்ன காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகல.

இன்னொண்ணு. ‘கடைசியா மாத்தின நேரம்’ நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் வச்சிருந்தா எடுத்துருங்க. ஒவ்வொரு அப்டேட்டிலும் அது மாறுறதால ‘ஹாட்’ அப்டேட் (இண்டெக்ஸைத் தொடாத அப்டேட்) நடக்காது. இண்டெக்ஸும் சேர்ந்து வீங்கும். இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசை மாறாம, அதே 8 கே.பி. பக்கத்தில் இடமும் இருந்தாத்தான் ‘ஹாட்’ நடக்கும். அந்த இடத்துக்காக ஃபில்ஃபேக்டரை, அதாவது ஒரு பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பணும்ங்கிற அளவை, 70 ஆக்குங்க.

இவ்வளவும் முடிஞ்சு, சந்தை அடங்கின பிறகு ஒரே ஒரு தடவை ஃபுல் போடுங்க. ஃபில்ஃபேக்டரை மாத்திட்டுப் போட்டா, டேபிளைப் புதுசா எழுதும்போதே பக்கத்துக்குப் பக்கம் இடம் விட்டு எழுதிரும்.